பதினொன்று நாற்பதுக்குப் பூத்த பத்துமணிப் பூ

மூன்று வருடமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்ததற்காக லிங்கேஸ்வரனுக்குப் பதவி கொடுத்தார்கள்.

அவர் ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் சிலமலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடி வழியாக மலையேறி, போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவர் சோலி. வீட்டு மொட்டைமாடியில் பதினாறு எண்ணெய் டின்களில் பத்துமணிப் பூ வளர்த்தார். வெயில் ஏறும்போது விரிந்து, மத்தியானத்துக்கு மேல் சுருண்டுவிடும் அந்தச் சின்னப் பூவை எதற்கு வளர்க்கிறீர்கள் என்று கேட்டால், "அதுபாட்டுக்கு வளருது" என்பார். அந்த ஆசையில்தான் செல்போனில் 'போடி வட்டாரப் பத்துமணிப் பூ வளர்ப்போர் குழு'வில் சேர்ந்தார். அதில் நூற்று எண்பத்தேழு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் போடும் படங்களைப் பார்ப்பார். எதுவும் எழுத மாட்டார். டைப் அடிக்க வராது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது.

குழுவின் தலைவர் மகாராஜன் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

மகாராஜன் ஓர் அலுவலகத்தில் நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். குழுவைத் தொடங்கியது அவரல்ல. நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஜோதி என்ற பெண், யாரிடம் எந்த நிறம் இருக்கிறதென்று தெரிந்தால் தண்டு மாற்றிக்கொள்ளலாமே என்று தொடங்கினார். மகாராஜன் உள்ளே வந்த மூன்றாவது வாரம் குழுவுக்குத் தலைவர் இல்லாததைக் கண்டுபிடித்தார். நான்காவது வாரம் தலைவரானார். ஜோதிக்கு 'நிறுவனர்' என்ற பட்டத்தை அளித்து, நிறுவனர்கள் பொதுவாகப் பேசுவதில்லை என்றும் பணிவுடன் தெரிவித்தார். அதன்பின் நாற்பத்தாறு பக்கத்துக்கு விதிமுறைகள் வந்தன. பூப்படம் போடுவதற்கான விதிகள் முதல் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டன. மீதி நாற்பத்து நான்கு பக்கமும் போடாமல் இருப்பதற்கானவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாராஜன் லிங்கேஸ்வரனை வீட்டுக்கு வரச் சொன்னார். மகாராஜனின் மனைவி சந்திரவல்லி காப்பி கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார்.

"நூத்தி எண்பத்தாறு பேரும் ஏதாவது ஒரு கருத்துச் சொல்லியிருக்காங்க, தம்பி. கருத்தே இல்லாத ஒரே உறுப்பினர் நீங்கதான். நடுநிலைங்கிறது அதான்" என்றார் மகாராஜன்.

"எனக்கு டைப் அடிக்க வராதுங்கய்யா."

"அதுவும் ஒரு தகுதி."

நீல நாடா கோத்த அட்டை ஒன்றை எடுத்து லிங்கேஸ்வரனின் கழுத்தில் மாட்டினார். 'நடுநிலைக் காப்பாளர்' என்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. சண்டை எந்நேரம் வருமென்று சொல்ல முடியாதாகையால் ஜீப்பு ஓட்டும்போதும் கழற்றக் கூடாது என்றார். பிறகு லிங்கேஸ்வரனின் போனை வாங்கி, குழுவிலிருந்து யாரையும் நீக்கும் அதிகாரத்தை அதில் ஏற்றிக் கொடுத்தார்.

"சண்டை வந்தா நான் எப்பிடித் தீர்க்குறதுங்கய்யா?"

மகாராஜன் வருத்தத்தோடு சிரித்தார். "புதுசா வர்றவங்க எல்லாரும் செய்ற தப்பு இது. சண்டையைத் தீர்க்கக் கூடாது. தீர்த்துட்டா கோப்பு மூடிரும். கோப்பு மூடிட்டா அப்புறம் நாம எதுக்கு? சண்டையை முறைப்படுத்தணும்."

முதல் சண்டை செவ்வாய்க்கிழமையே வந்தது. பத்துமணிப் பூவுக்கு நொறுக்கிய முட்டை ஓடு போட வேண்டும் என்று பாதிப் பேரும், டீத்தூள் சக்கை போட வேண்டும் என்று மீதிப் பேரும் காலையிலிருந்து மோதினார்கள். "முட்டை ஓடு போடுறவன் செடி வளர்க்கல, கோழிதான் வளர்க்குறான்" என்று ஒருவர் எழுதியதில் பதினேழு பேருக்கு மனம் புண்பட்டது. மனம் புண்பட்டோர் பதிவேட்டில் பதினேழு பெயரையும் லிங்கேஸ்வரன் எழுதினார். எந்த அளவு புண்பட்டது என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் எல்லாருக்கும் 'சுமார்' என்று போட்டார். 'சுமார்' என்று போட்டதில் பதினேழு பேருக்கும் மறுபடி மனம் புண்பட்டது.

மகாராஜன் சுற்றறிக்கை அனுப்பினார். ஒற்றைப்படைத் தேதிகளில் முட்டை ஓட்டுக்காரர்கள் மட்டும் பேசலாம். இரட்டைப்படைத் தேதிகளில் டீத்தூள்காரர்கள் மட்டும் பேசலாம். இருபத்தெட்டு நாள் அமைதி நிலவியது. மாதக் கடைசியில் முப்பத்தொன்றும், அடுத்த நாள் ஒன்றாம் தேதியும் சேர்ந்தாற்போல் ஒற்றைப்படையாக வந்ததும் டீத்தூள்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். நாள்காட்டியே முட்டை ஓட்டுக்காரர்கள் பக்கம் சாய்கிறது என்றார்கள். நாள்காட்டி பற்றி விசாரிக்கத் தனியாக ஒரு குழு தொடங்கப்பட்டது. அந்தக் குழுவில் நடந்த சண்டையை விசாரிக்க இன்னொன்று. லிங்கேஸ்வரன் எல்லாவற்றிலும் இருக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் குழுக்கள் பதினான்கு ஆயின. எல்லாவற்றின் பெயரும் 'போடி வட்டார' என்று தொடங்கியதாலும், எல்லாவற்றுக்கும் மகாராஜனின் படமே முகப்பில் இருந்ததாலும், எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது சுப்புத்தாய் விவகாரம். சுப்புத்தாய் சிலமலைக்காரர், லிங்கேஸ்வரனின் ஜீப்பில்தான் தினம் ஏலக்காய் பறிக்கப் போகிறவர். தன் வெள்ளைநிறச் செடி அழுகிவிட்டதாக மகாராஜன் எழுதிய செய்திக்குக் கீழே, கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைச் சுப்புத்தாய் போட்டுவிட்டார். மகாராஜன் விளக்கம் கேட்டார்.

"கண்ணீர் வருதுல்லண்ணே, அழுவுற மூஞ்சின்னு நெனச்சுப் போட்டேன். துக்கம் கேட்டது தப்பா?" என்றார் சுப்புத்தாய், ஜீப்பில் ஏறியபடி.

லிங்கேஸ்வரன் வண்டியை நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சொட்டு இருந்தது. பல்லும் இருந்தது. மூன்று நாள் யோசித்து, "கண் அழுகிறது, வாய் சிரிக்கிறது. கண்ணுக்கு மன்னிப்பு வழங்கலாம், வாயை எச்சரித்து விடலாம்" என்று மனைவியிடம் சொல்லி எழுதி வாங்கி அனுப்பினார். மகாராஜன் அதைப் படித்துவிட்டு, இவ்வளவு பக்குவமான உத்தரவைத் தன் பணிக்காலத்திலேயே பார்த்ததில்லை என்று பதில் எழுதினார். அன்றிலிருந்து லிங்கேஸ்வரனுக்குத் தூக்கத்தில் மஞ்சள் முகங்கள் வர ஆரம்பித்தன.

இதெல்லாம் சிறிய சங்கடங்கள். பெரிய சங்கடம் முனீஸ்வரியிடமிருந்து வந்தது.

முனீஸ்வரியும் அவர் கணவர் கன்னையனும் போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் குடியிருந்தார்கள். மலையில் பத்துமணிப் பூ வராது என்று எல்லாரும் சொல்ல, முனீஸ்வரி எட்டு மாதம் பாடுபட்டு, பெயிண்ட் டப்பாக்களில் அதை வளர்த்திருந்தார். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட நிறம். குழுவில் வேறு யாரிடமும் இல்லாதது. முதல் பூ விரிந்த அன்று படம் எடுத்துப் போட்டு, கீழே இப்படி எழுதினார்: 'இன்னைக்குப் பூத்துருச்சு. மணி 11.40.'

பத்து நிமிடத்தில் நாற்பது பேர் கை தட்டினார்கள். பதினோராவது நிமிடத்தில் மகாராஜன் எழுதினார்: 'பத்து மணிக்குப் பூப்பதே பத்துமணிப் பூ. மற்ற நேரத்தில் பூப்பவை மற்ற பூக்கள். விதி நான்கின்படி மற்ற பூக்களுக்கு இங்கு இடமில்லை.'

'மேல மஞ்சு விலகி வெயில் வர அம்புட்டு நேரமாகும் சார். வெயில் வந்தாத்தான பூக்கும்?' என்று முனீஸ்வரி கேட்டார்.

'வெயில் நம் குழுவில் உறுப்பினர் அல்ல. அதன் வசதிக்காக விதியை மாற்ற இயலாது.'

அதன்பின் மகாராஜன் லிங்கேஸ்வரனைப் போனில் அழைத்தார். "நீக்கிருங்க" என்றார்.

"பாவங்கய்யா. நல்லா வளர்த்திருக்கு."

"நல்லா வளர்த்தது வேற கோப்பு. வீட்டுக்காரரும் குழுவுல இருக்காருல்ல? அவரையும் எடுத்துருங்க. ஒரே தொட்டியில தண்ணி ஊத்துனவங்களுக்கு ஒரே நடவடிக்கை. இப்பத்தான் நாலு-அ-ன்னு ஒரு விதி எழுதினேன்."

லிங்கேஸ்வரன் போனை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். கடைசியில் இரண்டு பெயரையும் நீக்கினார். கன்னையன் குழுவில் இருந்ததே கன்னையனுக்குத் தெரியாது. நீக்கப்பட்ட செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை சிலமலையில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு லிங்கேஸ்வரன் ஆரனை அடித்தார். பன்னிரண்டு பெண்களும் கொஞ்ச தூரம் தள்ளி, வேறொரு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"ஏறலையாத்தா?" என்றார் லிங்கேஸ்வரன்.

"முனீஸ்வரி பெத்த பிள்ளையாட்டம் அந்தச் செடியப் பாத்துக்கிட்டா. அவளத் தூக்கி எறிஞ்ச கையில எங்க உசுர நம்பி எப்பிடிண்ணே குடுக்குறது? எத்தனை வளைவு இருக்கு" என்றார் சுப்புத்தாய்.

"நான் என்னத்தா செய்ய? விதி அப்பிடி இருக்கு."

"அப்ப விதியையே ஏத்திட்டுப் போங்க."

அன்று லிங்கேஸ்வரன் வெறும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு மலையேறினார். லோடு இல்லாத வண்டி ஒவ்வொரு வளைவிலும் குலுங்கியது. அட்டை கழுத்தில் ஊஞ்சலாடி, மூக்கில் அடித்தது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. நேராக முனீஸ்வரியின் வீட்டு முன்னால் போய் நின்றார்.

முனீஸ்வரி திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கண்ணே. சாயா குடிக்கிறீங்களா?" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி."

"உங்களச் சொல்லி என்ன. ஆனா என் பூவப் பத்துமணிப் பூ இல்லன்னுட்டாரே, அதான் தாங்கல. எட்டு மாசம் பனியில நடுங்க நடுங்கப் பாத்தேன். அவர வந்து ஒரு தடவை கண்ணால பாக்கச் சொல்லுங்க. போதும்."

லிங்கேஸ்வரன் அன்றைக்கே கள ஆய்வுக்கான ஒன்பதாம் படிவத்தை நிரப்பினார். மகாராஜன் மகிழ்ந்து போனார். ஒன்பதாம் படிவத்தை உருவாக்கி இரண்டு வருடமாகியும் அதை யாரும் நிரப்பியதில்லை. விஷயம் தெரிந்து, பன்னிரண்டு பெண்களும் வேடிக்கை பார்ப்பதற்காக ஆய்வு நடக்கும் நாளில் மட்டும் லிங்கேஸ்வரனின் ஜீப்பில் ஏறச் சம்மதித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மகாராஜன் அவசர அவசரமாகக் கிளம்பி வந்தார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதுதான் குழுவின் அதிகாரப்பூர்வ நேரம் காட்டும் கடிகாரமாம். மலை ஏறும் வரை அதைக் கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டார். பை நிறையப் படிவங்களும், ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தன.

லயன் வீட்டு வாசலில் பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மொட்டுகள் இறுக மூடியிருந்தன. எதிரே இருந்த ஏலச் செடிகள்கூடத் தெரியாத அளவுக்கு மஞ்சு. கடிகாரம் பத்தைக் காட்டியதும் மகாராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு மொட்டைப் பார்த்துப் பேசினார்.

"போடி வட்டாரப் பத்துமணிப் பூ வளர்ப்போர் குழு சார்பாக, இதன்மூலம் தெரிவிப்பது யாதெனில், மணி பத்து ஆகிவிட்டது. பூக்க வேண்டிய நேரம் இது. முதல் நினைவூட்டல்."

மொட்டு அசையவில்லை. பத்தேகாலுக்கு இரண்டாவது நினைவூட்டலும், பத்தரைக்கு இறுதி நினைவூட்டலும் வாசிக்கப்பட்டன. கன்னையன் எல்லாருக்கும் சாயா கொடுத்தார். மூன்று நினைவூட்டல்களின் நகல்களிலும் முத்திரை குத்தி, டப்பாவுக்குக் கீழே செருகி வைத்த மகாராஜன், "முப்பத்தொரு வருசத்துல நான் அனுப்புன எதுக்கும் பதில் வந்ததில்ல. பழகிருச்சு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

பத்தேமுக்காலுக்கு லிங்கேஸ்வரனின் போன் சத்தம் போட்டது. மகாராஜனின் போனுக்கு மலையில் டவர் கிடையாது. குழுவில் யாரோ ஒன்பது மணிக்கே போட்ட குரல் பதிவு ஒன்று, லிங்கேஸ்வரனின் போனுக்கும் டவர் விட்டு விட்டுக் கிடைத்ததால் அப்போதுதான் வந்து சேர்ந்தது. லிங்கேஸ்வரன் காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் ஒருமுறை கேட்டார்.

"ஐயா, ஒரு உறுப்பினர் வேற நேரத்துல பூத்துருச்சுன்னு பதிவு போட்டிருக்காங்க."

"எத்தனை மணிக்கு?"

"எட்டேமுக்காலுக்கு."

மகாராஜன் துடித்துப் போனார். "எட்டேமுக்காலா! பதினொன்னு நாப்பதையாவது மலை, மஞ்சுன்னு சொல்லலாம். எட்டேமுக்கால்ங்கிறது சுத்தமான திமிரு. நீக்குங்க."

"அது யாருன்னா..."

"பேரச் சொல்லாதீங்க! பேரக் கேட்டா இரக்கம் வந்துரும். என் பணிக்காலம் முழுக்க நான் ஒரு பேரையும் படிச்சதில்ல. எண்ணை மட்டும்தான் படிச்சேன்."

"இல்லங்கய்யா, நீங்க ஒரு தடவை இதைக் கேட்டுட்டா நல்லது" என்று லிங்கேஸ்வரன் போனை நீட்டினார்.

மகாராஜன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "உறுப்பினர் குரலத் தலைவர் நேரடியாக் கேட்கக் கூடாது. விதி பதினொன்னு."

லிங்கேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். முனீஸ்வரி சேலைத் தலைப்பால் செடியின்மேல் படிந்த பனித் துளிகளை ஒவ்வொன்றாக ஒற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் குடும்பத்தையும் எடுக்கணுங்களா? அதுல பெரிய ஆளு ஒருத்தர் இருக்காரு."

"எவ்வளவு பெரிய ஆளா இருந்தா என்ன? நாலு-அ எல்லாருக்கும்தான். பெரிய ஆளுன்னு விட்டுட்டா அப்புறம் விதிக்கு என்ன மரியாதை?"

"எழுத்துல குடுத்துருங்கய்யா."

மகாராஜன் கண் கலங்கினார். "இப்பத்தான் தம்பி நீங்க முழுக் காப்பாளர் ஆயிருக்கீங்க" என்று சொல்லி, பையைத் திறந்து உத்தரவை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். லிங்கேஸ்வரன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு போனில் இரண்டு பெயரை நீக்கினார்.

பதினொன்றரைக்கு மஞ்சு பிரிந்தது. வாசலில் வெயில் விழுந்து, டப்பாக்கள்மேல் ஏறியது. பதினொன்று நாற்பதுக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட ஐந்து பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. பெண்கள் குலவையிட்டார்கள். மகாராஜன் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, காலதாமதத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை எழுதினார்.

இறங்கும் வழியில், மூன்றாவது வளைவு தாண்டியதும் மகாராஜனின் போனுக்கு டவர் வந்தது. ஆய்வறிக்கையைப் போடலாமென்று குழுவைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, நான் நீக்கப்பட்டுட்டதா வருது. போன்ல ஏதோ கோளாறு போல."

லிங்கேஸ்வரன் ஜீப்பை ஓரங்கட்டினார். உத்தரவை எடுத்து அவர் மடியில் வைத்தார். "நீங்க இப்ப தலைவர் இல்லீங்களே. விதி பதினொன்னு தடுக்காது" என்று சொல்லிவிட்டு, போனில் அந்தக் குரல் பதிவைச் சத்தமாக ஓடவிட்டார். சந்திரவல்லியின் குரல்.

"ஏங்க, காலங்காத்தால மெட்டுக்குக் கெளம்புற அவசரத்துல செடியையெல்லாம் கூடை போட்டுக் கவுத்தாமப் போயிட்டீங்க. எட்டேமுக்காலுக்கே அம்புட்டும் பூத்துக் கெடக்கு. தெனம் பத்து மணிக்குக் கூடையத் தூக்கிப் படம் எடுப்பீங்கள்ல, இன்னைக்கு எப்பிடி எடுக்குறது? இப்பக் கவுத்துனா மறுபடி மூடிக்கிருமா? வெரசாச் சொல்லுங்க. இது நம்ம ரெண்டு பேர் மட்டும் இருக்குற குழுதான? பதினாலு குழுவுல எதுன்னே தெரியல."

பின்பக்கத்தில் பன்னிரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் வண்டி, நின்ற இடத்திலேயே ஆடியது.

மகாராஜன் கோபப்படவில்லை. உத்தரவை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான். முத்திரையும் சரியாத்தான் இருக்கு" என்றார். சற்றுக் கழித்து, "மேல்முறையீடு யார்ட்டச் செய்யணும்?" என்று கேட்டார்.

"தலைவர்ட்டங்கய்யா."

"தலைவர் யாரு?"

"இப்போதைக்கு யாரும் இல்லைங்கய்யா."

போடி வரும் வரை மகாராஜன் மேல்முறையீட்டை எழுதிக்கொண்டே வந்தார்; பெறுநர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டார்.

அன்று மத்தியானமே லிங்கேஸ்வரன் முனீஸ்வரியையும் கன்னையனையும் திரும்பச் சேர்த்தார். மற்ற பதிமூன்று குழுக்களையும் கலைத்துவிட்டு, கழுத்து அட்டையைக் கழற்றி ஜீப்பின் கண்ணாடிக்குப் பின்னால் போட்டார். மறுநாளிலிருந்து சிலமலைப் பெண்கள் பழையபடி அவர் வண்டியிலேயே ஏறினார்கள். ஜோதி இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக எழுதினார்: 'மஞ்சள்ல செவப்புக் கோடு ரெண்டு தண்டு கெடைக்குமா முனீஸ்வரி?' ராசிங்காபுரத்தில் ஒன்பது மணிக்கும், சிலமலையில் ஒன்பதேகாலுக்கும், மெட்டில் பதினொன்று நாற்பதுக்கும் பூத்த படங்கள் வந்தன. முட்டை ஓட்டுக்காரர்களும் டீத்தூள்காரர்களும் எல்லாத் தேதியிலும் சண்டை போட்டார்கள். செடிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மகாராஜனையும் சந்திரவல்லியையும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று லிங்கேஸ்வரன் நேரில் போய் அழைத்தார். சந்திரவல்லி உடனே சேர்ந்துகொண்டார். மகாராஜன் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்டார். படிவம் எதுவும் இல்லை என்றதும், படிவமில்லாமல் ஆள் சேர்க்கும் இடத்தில் தனக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது 'போடி வட்டார அசல் பத்துமணிப் பூ வளர்ப்போர் குழு' என்று தனியாக ஒன்று தொடங்கி, ஐம்பத்திரண்டு பக்கத்துக்கு விதிமுறைகள் எழுதியிருக்கிறார். இன்றுவரை அதில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். சென்ற வாரம் அங்கே கடுமையான கருத்து வேறுபாடு ஏற்பட்டதால், மறு அறிவிப்பு வரும் வரை உறுப்பினர்கள் பதிவிடுவது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.